மாடிப்படிக்குக் கீழே

ஆம்பூர் விளக்கு எரிந்தது. டோரதி ரிசீவரை எடுத்து, முப்பத்தோரு வருஷம் சொல்லிப் பழகிய குரலில் "வணக்கம், சொல்லுங்க" என்றாள். மறுபக்கம் யாரும் பேசவில்லை. பஸ் பின்னால் வருவதற்கு அடிக்கிற விசில், வாணியம்பாடி வாணியம்பாடி என்று கூவுகிற கண்டக்டர், இதற்கெல்லாம் நடுவில் வாய்க்கு மிக அருகே ஒரு மூச்சு. சும்மா எடுத்துப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், அல்லது அசிங்கமாக ஏதாவது சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். இந்த மூச்சு அப்படிப்பட்டதல்ல. டோரதி காத்திருந்தாள். காத்திருப்பதுதான் அவள் தொழிலில் பாதி.

"இதுல காசு போடணுமா மேடம்?" என்று கடைசியில் ஒரு பெண் குரல் கேட்டது.

வேண்டியதில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம் என்று டோரதி சொன்னாள். என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள்.

"இன்னா வேணும்னு கேட்டா, எதுன்னு சொல்றது," என்றது அந்தக் குரல். அதில் கேலி இல்லை. நிஜமாகவே யோசித்தது. பிறகு, "கால்ல புண்ணு. அத மொதல்ல சொல்லிடறேன்," என்றது.

அந்த ஃபோனில் எண்கள் கிடையாது. சுவரில் ஒரு நீலக் கூடு, அதற்குள் ஒரு ரிசீவர், மேலே ஒரு கையும் ஒரு வீடும் வரைந்த தகடு. எடுத்தால் நேராக வேலூர் காகிதப்பட்டறையில் ஒரு மாடி அறையில் டோரதியின் மேசைமேல் மணி அடிக்கும். வீடில்லாமல் பஸ் ஸ்டாண்டிலும் ஸ்டேஷனிலும் கிடக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி, பென்ஷன், ரேஷன், தங்குமிடம் எல்லாவற்றுக்கும் வழி சொல்ல வேண்டும் என்று, வெளிநாட்டுத் திருச்சபை ஒன்றின் உதவியோடு ஒரு அறக்கட்டளை இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஜூலையில் தொடங்கிய ஏற்பாடு. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட், காட்பாடி ஸ்டேஷன், ஆம்பூர், வாணியம்பாடி என்று நாலு இடத்தில் நாலு ஃபோன். டோரதியின் மேசையில் நாலு விளக்கு. பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதில் அறுபத்தெட்டு சேவைகளின் பெயரும் எண்ணும் இருந்தன.

டோரதிக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிஃபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரியில் அவள் முகம் தெரிந்தவர்கள் குறைவு, குரல் தெரியாதவர்களே இல்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் "கொஞ்சம் ரசம் போடுங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டு, எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சர்ஜன் ஒருவர் எழுந்து வந்து கை கொடுத்ததை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஓய்வுக்குப் பிறகு சத்துவாச்சாரி வீட்டில், கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையரான கணவர் கிருபானந்தமும் அவளும் மட்டும். பேச்சுக்கு வேலையில்லாத வீடு. மகன் நெல்வின் மஸ்கட்டில் இருந்தான். அவனுக்காக மாடியில் இரண்டு அறை கட்டி, பாத்ரூம் வைத்து, சோபா வாங்கிப் போட்டிருந்தார்கள். மூன்று வருஷத்தில் அவன் இருபது நாள் வந்து தங்கிவிட்டுப் போனான். அறக்கட்டளையிலிருந்து கூப்பிட்டபோது டோரதி சம்பளம் எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

ஆம்பூர்ப் பெண்ணின் பெயர் முனவ்வர் பேகம். கம்ப்யூட்டரில் படிவத்தை நிரப்பும்போது வீட்டு முகவரி என்ற கட்டத்தை விட்டுவிட்டால் அது மேலே போகாது. வீடில்லாதவர்களுக்கென்றே சென்னையில் யாரோ செய்து கொடுத்த படிவம். கதவு எண் ஒன்று, பஸ் ஸ்டாண்ட், ஆம்பூர் என்று டோரதி போட்டாள். அந்த முகவரியில் அதற்குள் இருபத்திரண்டு பேர் குடியிருந்தார்கள்.

அன்று டோரதி தன் பழைய குரலை எடுத்தாள். அரசு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "வேலூர்லேர்ந்து பேசறேன், டியூட்டி டாக்டருக்குக் குடுங்க" என்றாள். யார் என்று எவரும் கேட்கவில்லை. அந்தக் குரலை அப்படிக் கேட்கத் தோன்றாது. பதினோரு மணிக்கு ஒரு அம்மா வருவார், சர்க்கரைப் புண், வெளியே நிற்க வைக்காமல் சீட்டுப் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லி முடித்தாள். மாலை நாலு மணிக்கு ஆம்பூர் விளக்கு எரிந்தது. கட்டுப் போட்டார்களாம், மாத்திரை கொடுத்தார்களாம், நர்ஸ் உட்காரச் சொன்னாராம். உட்காரச் சொன்னதை முனவ்வர் இரண்டு தரம் சொன்னாள். டோரதி அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு தினமும் காலை ஒன்பதே காலுக்கு அந்த விளக்கு எரிந்தது. முனவ்வரின் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்ஷனில் பத்தொன்பது வருஷம். மேல் தோலுக்கும் உள் துணிக்கும் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. கண் மங்கியதும் பெருக்குகிற வேலைக்கு மாற்றினார்கள், பிறகு அதுவும் இல்லையென்றார்கள். கணவர் சத்தார் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர், மூச்சு முட்டி இறந்தார். பிள்ளைகள் இல்லை. இருந்த வீட்டில் கொழுந்தன் அப்துல் வஹீதின் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் இடம் போதவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை, அவளுடைய பாயை மட்டும் ஒவ்வொரு நாளும் வாசலுக்குக் கொஞ்சம் பக்கமாக விரித்து வைத்தார்கள். ஒரு நாள் அவளே எழுந்து வந்துவிட்டாள். இதையெல்லாம் அவள் புகாராகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

மேடம் என்பது போய் ஒரு நாள் ஆபா என்றாள். "எங்க பாஷைல அக்கான்னு அர்த்தம்" என்று உடனே விளக்கினாள், தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில். டோரதிக்கு அது பிடித்திருந்தது. கால் எப்படி இருக்கிறது என்பதைக் கேட்டு முடித்த பிறகும் வைக்க மனம் வராது. என்ன சமைத்தீர்கள் ஆபா என்று முனவ்வர் கேட்பாள். கீரை, கருவாடு என்று இவள் சொல்வாள். பழக்கடை கவுஸ் பாஷா நல்ல மனுஷன், அடிபட்ட வாழைப்பழத்தைத் தூர எறியாமல் கொடுப்பார் என்று அவள் சொல்வாள். அப்படி ஒரு காலை, வெயிலுக்கு வடகம் காயப்போட்டதைச் சொல்லும்போது, மாடியில் மகனுக்குக் கட்டிய அறைகளைப் பற்றி டோரதி சொல்லிவிட்டாள். சோபாவின் பாலிதீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை, அவன் வந்து பிரிக்கட்டும் என்று இருக்கிறோம் என்றாள். "மாஷா அல்லா" என்றாள் முனவ்வர். சொன்ன பிறகு டோரதிக்கு ஏனோ நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

விதவைப் பென்ஷனுக்கு முயன்றார்கள். தாலுகா ஆபீஸில் ரேஷன் கார்டு கேட்டார்கள். கார்டு கொழுந்தன் வீட்டில் இருந்தது, அதில் அவள் பெயரை அடித்துவிட்டிருந்தார்கள். புதுக் கார்டு வேண்டுமென்றால் இருப்பிடச் சான்று. இருப்பிடச் சான்றுக்கு இருப்பிடம். கடைசியாக ஒரு குமாஸ்தா, பஸ் ஸ்டாண்டில் நீல ஃபோன் ஒன்று இருக்கிறது, இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் அங்கேதான் வழி சொல்வார்கள் என்று அக்கறையோடு சொல்லி அனுப்பினாராம். முனவ்வர் அதைச் சொல்லும்போது சிரித்தாள். டோரதியால் சிரிக்க முடியவில்லை.

தங்குமிடம் என்று பட்டியலில் பெண்களுக்கு மூன்று இருந்தன. ஒன்றுக்குப் போன் போட்டால் சிமெண்ட் கடைக்காரர் எடுத்தார். இன்னொன்று மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்றாவது வேலூரில், இருபது கட்டில் உள்ள இல்லம். புண்ணோ தொற்றோ உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்று அதன் விதிகளில் இருந்தது. ஒவ்வொரு போனுக்குப் பிறகும் டோரதி கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இணைக்கப்பட்டது, இணைக்கப்படவில்லை என்று இரண்டே வழிதான். எண் கொடுத்துவிட்டால் இணைக்கப்பட்டது என்று கணக்கு. சிமெண்ட் கடையும் அப்படியே ஏறியது. இதை டோரதி ஒருங்கிணைப்பாளர் செந்தில்குமாரிடம் கேட்டாள். சமூகப்பணி படித்த முப்பது வயதுக்காரன், குரலை உயர்த்தத் தெரியாதவன், மாதாந்தர அறிக்கை என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும். "நம்ம வேல லைன் குடுக்கறதோட முடிஞ்சிடுதும்மா. அந்தப் பக்கம் கதவு தெறக்கறதும் தெறக்காததும் நம்ம கையில இல்ல," என்றான். ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் அவள் செய்ததும் அதுதானே. டாக்டர் லைனில் இருக்கிறார், பேசுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த விளக்குக்குப் போய்விடுவாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள், இந்தப் பக்கம் யார் அழுதார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்ததே இல்லை. தெரியாமல் இருந்தது எவ்வளவு வசதி என்பது இப்போதுதான் புரிந்தது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டின் தரை முழுக்கத் தண்ணீர் என்றும், பயணிகள் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்தே தூங்குகிறோம் என்றும் முனவ்வர் சொன்னாள். கட்டு நனைந்து புண் மறுபடி வாய் திறந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை அவள் வழக்கம்போல் என்ன சமையல் என்று கேட்கவில்லை.

"ஆபா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே."

"கேளுங்க முனவ்வர்."

"மாடின்னு சொன்னீங்களே. மாடிக்குப் போற படிக்கட்டு வெளியதான இருக்கும்? அதுக்குக் கீழ எடம் இருக்குமா? மழ விடற வரைக்கும் போதும். வூட்டுக்குள்ள வரமாட்டேன். காலு ஆறனதும் போய்டுவேன்."

இருந்தது. நெல்வினின் பழைய சைக்கிளும் பாதி சிமெண்ட் மூட்டையும் கிடக்கிற, ஒரு ஆள் தாராளமாகப் படுக்கிற இடம். அதை அவள் எப்படி அவ்வளவு சரியாகக் கண்டுபிடித்துக் கேட்டாள் என்று டோரதிக்குப் புரியவில்லை. அறையைக் கேட்டிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும். "வீட்ல கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

கிருபானந்தம் அன்று மாலை வராந்தாவில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். டோரதி காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண்ணின் புண்ணைப் பற்றி முதலில் சொன்னாள், புண்ணிலிருந்து வரும் வாடையையும் சேர்த்து. அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்பதை அவளே சொன்னாள். இன்றைக்கு ஒருத்தர் வந்தால் நாளைக்கு நாலு பேர் வருவார்கள் என்று செந்தில்குமார் சொன்னதாக, அவன் சொல்லாததையும் சொன்னாள். கிருபானந்தம் பேப்பரை மடித்து மடியில் வைத்தார். நாற்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்த்தவர்.

"டோரதி, நீ எங்கிட்ட கேக்கறதே நான் வேணாம்னு சொல்லணும்னுதான். சரி, வேணாம்னு சொல்லிடறேன். போதுமா?"

அவளுக்குக் கோபம் வந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியானால் கூட்டிக்கொண்டு வா என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம் அதற்கு முன்பே வந்துவிட்டது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று முனவ்வரிடம் சொன்னாள். "ஆம்பளைங்க அப்படித்தான ஆபா. எனக்காகக் கேட்டீங்களே, அது போதும்," என்று முனவ்வர் இவளைத்தான் தேற்றினாள். அந்தத் தேறுதலைத் தாங்க முடியாமல்தான் டோரதி அந்த வேலையைச் செய்தாள். இருபது கட்டில் இல்லத்துக்குப் போன் போட்டு, வார்டனிடம் தன் மிக நல்ல குரலில் பேசினாள். ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா, நல்ல குடும்பம், அமைதியானவர். உடம்பில் ஏதாவது உண்டா என்று வார்டன் கேட்டபோது, வயசுக்கு உண்டான சர்க்கரைதான் என்றாள். ஒரு கட்டில் இருக்கிறது, வியாழக்கிழமை அனுப்புங்கள் என்றார்கள். முனவ்வரிடம் சொன்னபோது அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. காலைப் பற்றி அவர்கள் கேட்கும்வரை நீங்களாக எதுவும் சொல்ல வேண்டாம் என்று டோரதி சொல்லிக் கொடுத்தாள். கால் கண்ணில் படாத இடத்தில் இல்லையே என்பதை இருவருமே நினைக்கவில்லை, அல்லது நினைக்காமல் இருந்தார்கள். இணைக்கப்பட்டது என்ற பொத்தானை அன்று மனதார அழுத்தினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி இருக்கும். டோரதி டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். அவளுடைய மேசை ஒரு ப்ளைவுட் தட்டிக்குப் பின்னால் இருந்தது. தட்டிக்கு முன்னால் செந்தில்குமாரின் மேசை. அதற்கு நேரே வாசல், வாசலிலிருந்து கீழே போகும் படிகள். யாரோ ஏறி வந்தார்கள். ஒரு கால் வைக்கிற சத்தம், பிறகு இன்னொரு கால் வந்து அதன் பக்கத்தில் சேரும் சத்தம், பிறகு ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு படி. ஏறி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஆம்பூர் மூச்சு என்று டோரதிக்கு வாசலுக்கு வருமுன்பே தெரிந்துவிட்டது.

"சார், டோரதி ஆபா இருக்காங்களா? போன்ல பேசுவாங்களே, அவங்க."

செந்தில்குமார் என்ன ஏது என்று விசாரித்தான். முனவ்வர் சொன்னாள். இல்லத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்களாம். கட்டைப் பார்த்ததும் வார்டனம்மா மூக்கை மூடிக்கொண்டாராம். கோபமாக எதுவும் சொல்லவில்லையாம், ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அனுப்பியவர்களைப் போய்க் கேளுங்கள் என்று விலாசத்தை எழுதிக் கொடுத்தாராம். ரெண்டு நிமிஷம் ஆபாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றாள். வேறு ஒன்றும் இல்லை, ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று திரும்பச் சொன்னாள்.

போன் பேசுகிறவர்களை ஆபரேட்டர் நேரில் பார்க்கக் கூடாது என்று அறக்கட்டளையில் ஒரு விதி இருந்தது உண்மை. ஆனால் செந்தில்குமார் அந்த விதியைச் சொல்லவில்லை. தட்டியின் ஓரமாகத் தலையை நீட்டி டோரதியைப் பார்த்தான். முடிவை அவளிடம் விட்டான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தைகூட வேண்டாம், நாற்காலி நகர்ந்தால் போதும். டோரதி வேண்டாம் என்று தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள்.

"அவங்களுக்கு ஒடம்பு சரியில்லம்மா. ஜுரம். லீவுல இருக்காங்க," என்றான் செந்தில்குமார்.

முனவ்வர் அதற்குப் பதில் சொல்லுமுன் காட்பாடி விளக்கு எரிந்தது. மணி அடித்தது. டோரதியின் கை பழக்கத்தில் ரிசீவர்மேல் போய், அங்கேயே நின்றது. எடுத்தால் வணக்கம் சொல்ல வேண்டும். வணக்கத்தின் முதல் எழுத்திலேயே தட்டிக்கு அந்தப் பக்கம் தெரிந்துவிடும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. வாழ்நாளில் ஒரு மணியை அவள் மூன்றுக்கு மேல் அடிக்கவிட்டதில்லை. உள்ளங்கையில் ரிசீவர் அதிர்வது தெரிந்தது.

"போன் அடிக்குது சார். எடுங்க," என்றாள் முனவ்வர். "பாவம், யாரோ."

செந்தில்குமார் எழுந்து உள்ளே வந்தான். டோரதியின் முகத்தைப் பார்க்காமல், அவள் கைக்கு அடியிலிருந்து ரிசீவரை எடுத்து, கொஞ்சம் கழித்துப் பேசுங்கள் என்று சொல்லி வைத்தான். பிறகு முன்பக்கம் போய், முனவ்வருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு வழி பார்க்கிறேன், திங்கட்கிழமை போன் பண்ணுங்கள் என்றான். அவள் சரி என்றாள். படியிறங்கும் சத்தம் ஏறியதைவிட மெதுவாகக் கேட்டது.

டோரதி ஜன்னலுக்குப் போனாள். குரலை வைத்து உயரமான, எலும்பான ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தாள். கீழே போனது குட்டையான உருவம். முகம் தெரியவில்லை, மேலிருந்து பார்த்ததில் பழுப்பாக வெளுத்த புர்காவும், வலது காலில் கட்டின்மேல் பால் கவரை மாட்டிச் சுற்றிய சணல் கயிறும்தான் தெரிந்தன. ரோட்டோரத்தில் நின்று இடமும் வலமும் பார்த்தாள். ஆம்பூர் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம், புளியமரத்தடியில். ஆயிரம் பேருக்கு வழி சொன்ன தொண்டை டோரதியுடையது. முனவ்வர் ஒரு ஆட்டோக்காரனிடம் கேட்டு, அவன் கைகாட்டிய பிறகு, ரோட்டைக் கடக்க வெகுநேரம் காத்து நின்றாள்.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு விளக்கு எரியவில்லை. செவ்வாயும் இல்லை. ஆம்பூரிலிருந்து வேறு ஆட்கள் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் டோரதி வணக்கம் சொல்லும்போது காது மறுபக்க மூச்சைத் தேடியது. முனவ்வர் பேகத்தைத் தெரியுமா என்று அவர்களைக் கேட்டாள். யாரைச் சொல்கிறீர்கள் என்றார்கள். ஒரு வாரம் இப்படிப் போனது. அந்த மாத அறிக்கையில் ஆம்பூரிலிருந்து முப்பத்தொன்பது பேர் இணைக்கப்பட்டதாக இருந்தது. முனவ்வர் அதில் ஒருத்தி. செந்தில்குமார் அச்செடுத்துக்கொண்டிருந்த தாள் கீழே விழ, டோரதி எடுத்துக் கொடுத்தாள். இருவரும் அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் புடவையை மாற்றாமல் மாடிப்படிக்குக் கீழே போய்க் குனிந்து சிமெண்ட் மூட்டையை இழுத்தாள். மழையில் அது கல்லாகியிருந்தது. சத்தம் கேட்டு கிருபானந்தம் வந்தார். சைக்கிளைத் தூக்கி வெளியே வைத்தார், மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். அவள் தரையைக் கழுவி, பினாயில் ஊற்றித் தேய்த்து, மறுபடி கழுவினாள். அவர் ஒரு குண்டு பல்பும் வயரும் கொண்டுவந்து படியின் அடியில் மாட்டிக் கொடுத்தார். எரிகிறதா என்று போட்டுப் பார்த்து அணைத்தார்.

திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டோரதி ஆம்பூருக்குப் பஸ் ஏறினாள். மாதனூர் தாண்டியதும் ஜன்னல் வழியே தோல் வாடை வந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி முதலில் நீலக் கூட்டைப் பார்த்தாள். அவள் நினைத்ததைவிடச் சின்னதாக, கழிப்பிடத்துக்குப் போகும் வழியில் இருந்தது. அதற்கு எதிரே சிமெண்ட் பெஞ்சுகளில் ஆட்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். பழக்கடை கவுஸ் பாஷாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. முனவ்வர் பேகம் என்றதும் அவர் வாழைத்தாரை வெட்டுவதை நிறுத்தினார்.

"நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல. தெரிஞ்சவங்க."

வேலூர் போய்விட்டு வந்து இரண்டு நாள் அந்தப் பெஞ்சிலேயே படுத்துக் கிடந்தாள் என்றார் அவர். கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தால் குடித்தாள். மூன்றாம் நாள் காலை கடை திறக்க வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தார், அங்கே இல்லை. கொழுந்தன் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார், அங்கேயும் போகவில்லை. பெங்களூர் பஸ்ஸில் ஏறியதாக ஒருத்தன் சொல்கிறான், தர்கா ஒன்றின் பெயரைச் சொல்லி அங்கே கூட்டிப் போனார்கள் என்று இன்னொருத்தன் சொல்கிறான்.

"ஏன் போன் பண்ணல?" என்றாள் டோரதி.

"நானும் அதத்தான் கேட்டேன். எடுத்துப் பேசும்மா, அவ்ளோ நல்லவங்கன்னு சொல்றியே, ஏதாவது வழி சொல்லுவாங்கன்னேன். வேணாம் பாய், அந்தம்மாவுக்கு ஜுரம்னு சொன்னாங்கன்னுச்சி. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போவல."

டோரதி அங்கேயே நின்றாள். முனவ்வர் ஜுரம் என்று சொல்லவில்லை, ஜுரம்னு சொன்னாங்க என்றிருக்கிறாள். எந்தக் குரலில் சொன்னாள் என்று இவரிடம் எப்படிக் கேட்பது. நம்பிச் சொன்னாளா, நம்பாமல் சொன்னாளா என்பதை டோரதி நேரில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பாள். கவுஸ் பாஷா இரண்டு வாழைப்பழத்தைத் தாளில் சுற்றி அவள் கையில் வைத்தார். காசை வாங்கவில்லை.

ஐந்தரை மணிக்கு ஷூ கம்பெனிகள் விட்டன. ரோட்டின் இரண்டு பக்கமிருந்தும் பெண்கள் வந்தார்கள், முதலில் பத்திருபதாக, பிறகு நூறு நூறாக. கையில் டிபன் பை, உடம்பில் சொல்யூஷன் வாடை. பாதிப் பேர் கறுப்புப் புர்காவில் இருந்தார்கள். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, குடியாத்தம் என்று பஸ்கள் வந்து நிற்க நிற்க, பெஞ்சுகளைச் சுற்றியும் நீலக் கூட்டைச் சுற்றியும் பெண்கள் நிறைந்து, டோரதியை நடுவில் விட்டுத் தமிழிலும் உருதுவிலுமாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். யார் முகத்தைப் பார்த்தும் பயனில்லை. அவள் பார்த்ததெல்லாம் ஒரு முதுகைத்தான். டோரதி தூணோரமாக ஒதுங்கி, பழங்களை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடினாள். சூப்பர்வைசரைத் திட்டும் குரல், பிள்ளைக்குப் பேதி என்று சொல்லும் குரல், சிரிக்கும் குரல், சில்லறை கேட்கும் குரல். ஒவ்வொன்றையும் எடுத்துக் கேட்டு, முனவ்வர் இல்லையென்று வைத்து, அடுத்ததற்குப் போனாள். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிரம்பிக் கிளம்பின. கூட்டம் குறையக் குறைய, மீந்திருந்த குரல்கள் தனித்தனியாகத் தெளிந்து கேட்கத் தொடங்கின.